குன்னூர் வாசகிக்கு: ஊரையும் சேவையையும் விட வேண்டுமா?

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். ஞாயிறுதோறும் எஸ்டேட் லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். காற்று மாசு, போக்குவரத்துக் கொள்கை சார்ந்த வேலைக்குப் போக ஆசை. ‘ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காதே, வகுப்பை விட்டுவிடு’ என்கிறார் அம்மா. விடத்தான் வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்.

பதில்: வேண்டாம் கண்ணு. நான் காற்று ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். வடிகட்டித் தாள் வழியாக 24 மணி நேரம் காற்றை இழுத்து, தாளில் ஏறிய எடையைப் பார்ப்போம். தேசியக் கண்காணிப்புத் திட்டத்தில் வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் இப்படி அளப்பது வழக்கம். அந்த எண்ணை வைத்து ஊரின் சராசரியைச் சொல்லலாம். இன்ஜினை அணைக்காமல் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால், இடுப்பில் பிள்ளையோடு காத்திருக்கும் தாய் எதைச் சுவாசிக்கிறாள் என்று சொல்ல முடியாது. அவள் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறாள் என்பது லைன் வீடுகளுக்குப் போய்வரும் உங்களுக்குத்தான் தெரியும்.

நம் மலையையே பாருங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணைய முன் அனுமதி) வந்தது. அடுத்த ஆண்டு சீசனுக்கு, நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. நல்லது, நான் வரவேற்கிறேன். ஆனால் காரில் வர முடியாதவர்கள் பஸ்ஸில் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்காக எஸ்டேட் ரூட் பஸ்ஸைத் திருப்பிவிட்டால், உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போவார்கள்? அதிகாரிகள் முடிவெடுக்கும் கூட்டத்தில் இதைக் கேட்க, லைனைத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போதே தொடங்கலாம். குன்னூர் பெட்போர்டு சந்திப்பில் ஒரு நோட்டோடு நில்லுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். பஸ், லாரி, கார், டூ வீலர் தனித்தனியாக. வண்டிக்கு ஒரு கோடு; நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. போக்குவரத்துக் கணக்கெடுப்பின் அரிச்சுவடி அதுதான். விலை குறைந்த சென்சார் வாங்க மட்டும் அவசரப்படாதீர்கள். ஒளிச் சிதறலை வைத்து அளக்கும் கருவி அது. நம் ஊர் மூடுபனியில் நீர்த்துளியையும் தூசியாகக் கணக்கு வைத்துவிடும். ஈரப்பதத்தைக் கூடவே குறிக்காத அளவை நான் நம்பமாட்டேன்.

அப்புறம் படிப்பு. கேட் (GATE) என்ற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வை எழுதுங்கள். அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி. இரண்டிலும் போக்குவரத்துப் பொறியியல் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, காற்று மாசைக் கூடுதலாகப் படியுங்கள். தூசியை அளக்கத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பஸ் ரூட்டை மாற்றினால் புகை எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் குறைவு. வேலைக்கும் பஞ்சமில்லை. நுண்துகளுக்கு (பி.எம். 2.5) நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. அந்த இடைவெளியைக் குறைக்க ஆள் வேண்டுமே.

சென்னைக்குப் போனால் ஞாயிறு வகுப்பு என்னாகும் என்றுதானே கவலை? லைனிலேயே ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒருத்தியை இந்த மாதமே பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள். லீவுக்கு வரும்போது நீங்கள் எடுங்கள்.