டியாகோ காப்பீடு 46,000 ரூபாயா? கொஞ்சம் பொறுங்கள்

பழைய ஆல்டோவை விற்றுவிட்டு டாடா டியாகோ பெட்ரோல் கார் எடுக்கப் போகிறீர்கள், டீலர் காப்பீட்டுக்கு 46,000 கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தத் தொகையில் பேரம் பேச முடியாத பகுதி ஒன்றுதான்: மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. புதுக் காருக்கு 3 ஆண்டுக்குச் சேர்த்தே கட்டவேண்டும். 1000 முதல் 1500 சிசி வரையிலான கார்களுக்கு 2022 அறிவிப்புப்படி 10,640 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. டியாகோ 1199 சிசி, அதனால் இந்த வரிசைதான். மீதியில் பெரும்பகுதி சொந்தச் சேதமும் (உங்கள் காருக்கே வரும் சேதத்துக்கான காப்பீடு) ஆட்-ஆன்களும் (விருப்பப்பட்டால் சேர்க்கும் கூடுதல் காப்பீடுகள்). டீலர் காட்டும் நிறுவனத்திலேயே எடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு மூன்று விலை வாங்கிக் காட்டுங்கள், தானாக இறங்குவார்.

முக்கியமாக, ஆல்டோவில் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் அந்த என்சிபி (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுடையது, காருடையது அல்ல. விற்கும்போது பழைய நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50% வரை குறையும். இதை டீலர்கள் பெரும்பாலும் தாங்களாகச் சொல்வதில்லை.

ஆட்-ஆன்களில் ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது) மட்டும் வெட்டாதீர்கள். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் பாதி விலை உங்கள் தலையில். டயருக்கு, சாவிக்கு என்று தனியாகச் சேர்க்கும் காப்பீடெல்லாம் தாராளமாக வெட்டலாம்.

பாதுகாப்பு? 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் டியாகோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 4 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் 3. சரி, ஆனால் அது பழைய விதிமுறை. 2022க்குப் பிறகு வந்த கடுமையான சோதனையோடு நேராக ஒப்பிடாதீர்கள். பின்சீட்டில் பிள்ளைகள் என்றால் ஐசோஃபிக்ஸ் (குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கி) இருக்கிற வேரியன்ட்தானா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.