சேலைன் உணவாகாது

கேள்வி: 82 வயதான என் அம்மம்மாவைச் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலுக்காகக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாளே ஆட்களை மாற்றிப் பேசத் தொடங்கினார். ஊட்டினால் கரண்டியைத் தட்டிவிடுகிறார். "சேலைன் ஏறுகிறதுதானே" என்கிறார் மாமா. மூக்குக் குழாய் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற தாதி

மகளே, முதலில் மாமாவுக்குச் சொல்லுங்கள். உப்புச் சேலைனில் ஒரு கலோரிகூட இல்லை. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லீற்றர் ஏற்றினாலும் கிடைப்பது 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரிக்குள்தான். புரதம் அறவே கிடையாது. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கோ நாளுக்கு ஏறத்தாழ 1,500 கலோரியும் குறைந்தது 50 கிராம் புரதமும் வேண்டும்.

அதற்காகக் குழாயை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். குழம்பியிருப்பவர் அதைப் பிடுங்குவார். பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டினால் குழப்பம் இன்னும் ஏறும். விழுங்கவே முடியாதவருக்குக் குழாய் தேவைப்படலாம். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

இந்தத் திடீர் மனக்குழப்பம் ஒரே நாளுக்குள் கூடும், குறையும். அம்மம்மா தெளிந்திருக்கும் நேரம்தான் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு வண்டி வரும் நேரம் அல்ல. பல்செட்டும் கண்ணாடியும் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தால் இன்றே கொண்டு போங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு வாயாகக் கொடுங்கள். அரைத் தூக்கத்தில் ஒரு கரண்டியும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்கியதும் இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டுத் தாதியிடம் சொல்லுங்கள்.

வெறும் சோற்றுக் கஞ்சி வயிற்றை நிரப்பும், போதிய புரதம் தராது. சொதியில் ஊறிய இடியப்பத்துடன் முள் நீக்கிய மீன், மசித்த முட்டை, தயிர் கொடுங்கள். நீரிழிவோ சிறுநீரக நோயோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். தானாக எடுத்துச் சாப்பிட விரும்பினால் கையிலேயே கொடுங்கள், சிந்தினால் சிந்தட்டும்.

ஆஸ்பத்திரி விடுதியில் எல்லோரும் சிங்களத்தில் பேசும்போது, குழம்பிய மூதாட்டிக்கு வருவது பசியல்ல, பயம். சாப்பாட்டு வேளைகளில் வீட்டார் ஒருவர் அருகில் இருக்கப் பொறுப்புத் தாதியிடம் அனுமதி கேளுங்கள். பார்வையாளர் நேரத்தைக் காட்டி மறுத்தால், ஊட்டுவதற்காக என்று விளக்கி மறுபடியும் கேளுங்கள்.

மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, வாய்ப்புண் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை பசியைக் கெடுக்கும்; முதலிரண்டும் குழப்பத்தையும் கூட்டும். பல நாள் ஒன்றும் உண்ணாதவருக்குச் சத்துமாப் பானங்களை ஒரேயடியாகப் புகட்டுவது ஆபத்து. இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற தாது உப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மெதுவாகக் கூட்டுவது எப்படி, தயமின் (விற்றமின் பி1) தேவையா என்பதை வைத்தியர் சொல்வார்.

ஒவ்வொரு வேளையும் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு நாளாகப் பாதிகூட இறங்கவில்லையென்றால், அந்தத் தாளைக் காட்டி உணவியல் நிபுணரை வரவழைக்கக் கேளுங்கள்.