மிரோவின் குடியானவன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எடின்பரோவில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள கலைக்கூடத்தில் ஸ்பானிய ஓவியர் ஜோன் மிரோவின் ‘கேட்டலான் குடியானவனின் தலை’ ஓவியத்தைப் பார்த்தேன். நீலப் பரப்பில் ஒரு சிவப்புத் தொப்பி, இரண்டு கண்கள், தாடிக்கு நெளிகோடுகள். அவ்வளவுதான். ஸ்பெயினின் கேட்டலோனியாப் பகுதியின் கிராமிய அடையாளத்தைச் சொல்லும் வரிசை இது என்கிறார்கள். என் தாத்தா விவசாயி. இதில் நிலம் இல்லை, ஏர் இல்லை, அரிவாள் இல்லை. மிரோ பசி மயக்கத்தில் கண்ட காட்சிகளை வரைந்தவர் என்றும், பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை என்றும் படித்தேன். சேற்றில் கால் வைக்காதவர் குடியானவனை வரையலாமா? இது உழவனைப் பற்றிய ஓவியமா, தேசியவாதப் பிரச்சாரமா?

ச., எடின்பரோ

அன்புள்ள ச.,

மிரோவின் ‘பண்ணைவீடு’ ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்று கொஞ்ச காலமாக என் மேஜைமேல் கிடக்கிறது. அதனால்தான் உங்களுக்கு உடனே பதில் வருகிறது. இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் மற்றவற்றோடு சேர்ந்து காத்திருக்கும்.

யார் எதை வரையலாம் என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். எனக்கு அலுத்துப்போன கேள்வி அது. உங்கள் தாத்தாமேல் மரியாதை உண்டு, ஆனால் தாத்தாவை முன்னால் நிறுத்தி ஒரு ஓவியத்தை மடக்க முடியாது. தாத்தா கணக்கே பார்ப்பதென்றால் மிரோவின் அப்பாவழித் தாத்தா கொர்னுதெல்லா ஊரின் கொல்லர், அம்மாவழித் தாத்தா மயோர்க்காத் தீவின் தச்சர். போதுமா?

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பசி மயக்கம் பற்றிய வரியில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இளைஞர் கதைகளோடு என்னைப் பார்க்க வந்தார். கண்கள் குழிவிழுந்திருந்தன. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். கனவைக் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகள் அப்படித்தான் ஆழ்மனதைத் திறந்தார்கள் என்றார். முதல் வேலையாக ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். மூன்றாவது தோசைக்குப் பிறகு கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். கதை அவருடைய ஊர் வரப்பில் நடக்கிறது. வரப்பில் புல் பேசுகிறது, அழுகிறது, பறக்கிறது. என்ன புல் என்று கேட்டேன். விழித்தார். கோரையா, அருகா, அதுவும் தெரியவில்லை. கனவில் வந்த புல் சார் என்றார். தங்கமான பையன். கோபித்துக்கொள்ளாமல் ஊருக்குப் போனார். பிறகு எழுதிய கதைகளில் எதுவும் பறக்கவில்லை, நன்றாக இருந்தன.

அவரிடம் அன்று சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். 1921இல் கேட்டலோனியாவின் மோன்ரோச் கிராமத்தில் இருந்த குடும்பப் பண்ணையில் மிரோ ‘பண்ணைவீடு’ ஓவியத்தைத் தொடங்கினார். பார்சிலோனாவில் தொடர்ந்து, பாரிஸில் முடித்தார். மொத்தம் ஒன்பது மாத உழைப்பு. பாரிஸுக்குப் போகும்போது மோன்ரோச்சின் காய்ந்த புல்லைக் கையோடு எடுத்துச் சென்றார். ப்ளோமே தெருவில், சிற்பி கர்காயோவின் பட்டறையை இரவல் வாங்கி, அந்தப் புல்லை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தார். பாரிஸில் புல்லா இல்லை? அந்த ஊர்ப் புல்லே வேண்டியிருந்தது அவருக்கு. அந்த ஓவியத்தைப் பாருங்கள். நடுவில் யூகலிப்டஸ் மரம், வலப்பக்கம் கோழிக்கூடு, இடப்பக்கம் காரை பெயர்ந்த சுவர், அதன் ஒவ்வொரு வெடிப்பும். வாளி, பூவாளி, நத்தை, பல்லி, மண்ணில் காலடித் தடம். ஒன்றுக்கொன்று மறைக்காமல், பெரிது சிறிது பார்க்காமல், எல்லாவற்றையும் பதிந்திருக்கிறார். (இதைத்தான் எழுத்தாளர் ஹெமிங்வே ஊரெல்லாம் கடன் வாங்கி வாங்கினார். இருவரும் குத்துச்சண்டைப் பயிற்சியும் செய்திருக்கிறார்கள். மிரோ மிகவும் குள்ளம். அந்தக் காட்சியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.)

இந்தக் கண் எங்கிருந்து வந்தது? 17 வயதில் அப்பா அவரை ஒரு மருந்துச்சரக்குக் கடையில் கணக்கெழுத வைத்தார். மனம் நொந்து, டைபாய்டும் சேர்ந்து படுத்துவிட்டார். உடம்பு தேற அனுப்பப்பட்ட இடம்தான் மோன்ரோச். அதன் பிறகு பார்சிலோனாவில் பிரான்செஸ்க் காலி என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். கண்ணைக் கட்டி, ஒரு பொருளைக் கையில் கொடுத்துத் தடவவிட்டு, பிறகு அதை வரையச் சொல்வது காலியின் பயிற்சி. கணக்கு எழுத மறுத்த பையன் அந்தப் பண்ணையின் சாமான் சட்டு முழுவதையும் பேரேடு போல எழுதிவைத்தான் என்றுதான் ‘பண்ணைவீடு’ ஓவியத்தை நான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அழித்தல் தொடங்குகிறது. 1923–24இல் ‘உழுத நிலம்’, ‘வேட்டைக்காரன்’ ஆகிய இரண்டும் வருகின்றன. ‘வேட்டைக்காரன்’ ஓவியத்தில் குடியானவனுக்கு முக்கோணத் தலை, குச்சி உடல், வாயில் புகைக்குழாய், கையில் துப்பாக்கி, நெஞ்சில் வெளியே தெரியும் இதயம். 1924–25இல் ‘குடியானவனின் தலை’ நான்கு முறை வருகிறது. அதில் துப்பாக்கி இல்லை, குழாய் இல்லை, இதயமும் இல்லை. வாஷிங்டனில் இருப்பது மஞ்சள் பரப்பு, நீங்கள் பார்த்தது நீலம். நான்கில் ஆகச் சிறந்தது அந்த நீலம்தான் என்பது என் கணிப்பு, அதைப் போய் ‘அவ்வளவுதான்’ என்கிறீர்கள். அந்த ஒன்பது மாதக் கணக்கை எழுதாதவன் அந்தச் சில கோடுகளை இழுத்திருந்தால் அது கிறுக்கல். மிரோவுக்கு எதை விட்டுவிடுகிறோம் என்று ஒவ்வொன்றாகத் தெரியும்.

பசியில் சுவரில் உருவங்கள் தெரிந்தன என்று மிரோவே பிற்காலத்தில் சொன்னார், உண்மை. பசித்தும் இருப்பார். பக்கத்துப் பட்டறையில் சர்ரியலிச ஓவியர் ஆந்த்ரே மாஸோன், 1924 அக்டோபரில் சர்ரியலிச அறிக்கை, எங்கும் கனவுப் பேச்சு. ஆனால் அந்தக் ‘கனவு’ ஓவியங்கள் பலவற்றுக்கு அவர் முன்கூட்டியே போட்ட பென்சில் வரைவுகள் குறிப்பேடுகளில் இருக்கின்றன. பார்சிலோனாவில் அவருடைய அறக்கட்டளை அவற்றைப் பாதுகாக்கிறது. கனவு காண்பவன் நோட்டுப் புத்தகத்தில் திட்டம் போட்டுக்கொண்டு தூங்கப் போகிறானா? கலைஞர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கவேண்டும். என்னையும் சேர்த்துத்தான்.

தேசியமா என்று கேட்டீர்கள். 1923 செப்டம்பரில் ஸ்பெயினில் பிரிமோ தெ ரிவேராவின் ராணுவ ஆட்சி வந்தது. வந்த சில நாட்களிலேயே கேட்டலோனியக் கொடிக்கும் அலுவல்களில் அம்மொழிக்கும் தடை. 1924 செப்டம்பர் 11 அன்று, 72 வயது கட்டடக் கலைஞர் கவுதி தேவாலயத்துக்குப் போகும் வழியில் போலீஸிடம் கேட்டலான் மொழியில் பதில் சொன்னதற்காகப் பிடித்துவைக்கப்பட்டார். அந்த ஆண்டில் ஒருவர் பாரிஸில் உட்கார்ந்து பர்ரெட்டினா என்னும் அந்தச் சிவப்புக் குல்லாயைத் திரும்பத் திரும்ப வரைந்தால் அதற்கு விளக்கக் குறிப்பு தேவையில்லை. ஆனால் சிவப்பு என்றால் இது, தாடி என்றால் அது என்று அகராதி போட்டு முடித்துவிடாதீர்கள். நீங்கள் ‘இரண்டு கண்கள்’ என்று எண்ணிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், அவற்றைப் பற்றி மேலே ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் போன பிறகும் மிரோ விட்டுவைத்தது பார்வையை. பைரனீஸ் மலைத் தேவாலயங்களின் பழைய சுவரோவியங்களில் தேவதைகளின் சிறகெங்கும் கண்கள் இருக்கும். சிறுவயதிலிருந்து அவர் பார்த்து வளர்ந்தவை அவை.

அரிவாளும் பின்னால் வந்தது. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் அரங்கில், பிக்காஸோவின் ‘கெர்னிகா’ இருந்த அதே கட்டடத்தில், ஐந்தரை மீட்டர் உயரத்தில் மிரோ ‘அறுவடைக்காரன்’ வரைந்தார். அதே குடியானவன், அதே குல்லாய், கையில் அரிவாள். அது தொலைந்துபோயிற்று. இன்று கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில்தான் இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடக்கும்போது அரிவாள் வேண்டியிருந்தது, வரைந்தார். 1924இல் அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் ஐரோப்பாவிலேயே இருக்கிறீர்கள். மோன்ரோச் பண்ணை 2018 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. பார்சிலோனாவிலிருந்து தெற்கே, தாரகோனாவைத் தாண்டிப் போகவேண்டும். அந்தப் பக்கம் கடற்கரை பிரபலம். கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் தயவுசெய்து அதைப் பற்றி எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

அன்புடன்