அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை விற்பது பற்றி

அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை விற்க நினைப்பதாகவும், பணத்தை இன்றே தருகிறேன், காகித வேலையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று வாங்க வந்தவர் அவசரப்படுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவருக்கு விற்காதீர்கள். துப்பாக்கி உரிமம் காட்டத் தயங்குபவரும், 'நண்பருக்காக வாங்குகிறேன்' என்பவரும் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். முதலில், அப்பாவின் துப்பாக்கி முறைப்படி உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று காவல்துறையில் கேளுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி மூலம் கைமாற்றுவதையே நான் சொல்வேன். கட்டணம் போனால் போகட்டும், பதிவு இருக்கும். துப்பாக்கியின் வரிசை எண், தேதி, இருவர் கையொப்பம் உள்ள விற்பனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை அந்தத் துப்பாக்கி ஒரு குற்றத்தில் சிக்கினால் முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள். துப்பாக்கியை எடுத்துக் காட்டும்போது தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். வீட்டுக்கு மட்டும் யாரையும் வரச் சொல்லாதீர்கள்.