பத்திரத்தில் பெயரில்லாத இணையர்

கேள்வி: நானும் என் இணையரும் பெண்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். கிரயப் பத்திரமும் வங்கிக் கடனும் அவர் பெயரில். தவணையில் பெரும்பகுதியை மாதாமாதம் அவர் கணக்குக்கு நான் அனுப்பினேன். நான்கு மாதங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை. இப்போது அவருடைய பெற்றோர், என்னை 'வாடகைக்கு இருந்தவர்' என்று குறிப்பிட்டு, காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். மனைவிக்குரிய உரிமை கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கடைசியாக முகம் பார்க்கவிடாதது கொடுமை. ஆனால் சொத்து வழக்கில் அதற்கு எடையில்லை. அவர் உயில் எழுதினாரா என்பது ஒன்றுதான் கேள்வி. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாததால், உயில் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மனைவி என்ற உரிமை கிடைக்காது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றி 2018இல் வந்த தீர்ப்பால் உங்கள் உறவு குற்றமில்லை என்றானது, அவ்வளவுதான். தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் 'தேர்ந்தெடுத்த குடும்பம்' (ரத்த உறவோ திருமணமோ இல்லாமல் தாமே அமைத்துக்கொள்ளும் குடும்பம்) பற்றிப் பேசியது ஆட்கொணர்வு வழக்கில், அதாவது சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டவரை மீட்கப் போடும் வழக்கில். அதை வைத்துச் சொத்து கேட்க முடியாது. மணமாகாத, பிள்ளையில்லாத இந்துப் பெண் உயிலின்றி இறந்தால் சொத்து தாய் தகப்பனுக்குத்தான். இது அநியாயம், மாற வேண்டிய சட்டம். அதை மாற்றும் போராட்டத்தை உங்கள் வீட்டை வைத்து நடத்தாதீர்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இந்த நிலையில் வருகிறவர்கள் ஆவேசத்தில் மனுவில் எழுதச் சொல்லும் முதல் வாக்கியம், "பணம் என்னுடையது, பெயர் மட்டும்தான் அவருடையது" என்பது. அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் பினாமி என்று பெயர். கணவன் மனைவி பெயரில் வாங்கினால் சட்டம் விலக்கு தருகிறது. இணையருக்கு அந்த விலக்கு இல்லை. பினாமி சொத்தில் உண்மையான உரிமையாளர் நான்தான் என்று வழக்கே தொடர முடியாது. சொத்து பறிமுதலாகலாம், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். பெற்றோரைத் தோற்கடிக்கப் போய் நீங்களே குற்றவாளியாகிவிடுவீர்கள். நோட்டீசுக்கு நீங்களாகப் பதில் எழுதாதீர்கள். உறவினருக்கு வாட்ஸப்பில்கூட இப்படி எழுதிவிடாதீர்கள்.

கடனாகக் கொடுத்தேன் என்று கேட்கலாமே என்பீர்கள். உண்மையில் கடனாகக் கொடுத்திருந்தால் மட்டுமே கேட்கலாம். எழுத்து இல்லாத கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரையறை. பழைய தொகை போனது போனதுதான். மீதிக்கும் 'அது வாடகை' என்று பதில் வரும்.

அந்த நோட்டீசைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்களைப் புண்படுத்திய அதே சொல்தான் இன்று உங்களுக்குக் காப்பு: வாடகைக்கு இருந்தவர் என்று அவர்களே எழுதிக் கொடுத்த பிறகு, நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டை உடைத்து உங்களை வெளியேற்ற முடியாது. மீறி வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வரலாம். அதனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக்குப் போகாதீர்கள். அலுவலகத்தில் சொல்லிவிடுவோம் என்று மிரட்டியதும் பயந்து சாவியைக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர்களுடைய துணிமணிகூடத் திரும்பி வரவில்லை.

சமாதானமாகப் போங்கள். கடைசி மூன்று ஆண்டு வங்கிக் கணக்கு விவரத்தோடு வக்கீல் மூலம் பேசி, ஒரு தொகை, உங்கள் பொருட்கள், வெளியேற ஆறு மாத அவகாசம் என்று கேளுங்கள். பணம் கைக்கு வரும் நாளில் சாவி. எல்லாம் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக இருக்கட்டும்.

சேர்ந்து வாழும் மற்ற இணையர்களுக்கு: நாமினி போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், நாமினி வாரிசு அல்ல. இருவர் பெயரிலும் கிரயம் செய்யுங்கள், உயிலை இந்த மாதமே பதிவு செய்யுங்கள்.