கிராக்கி

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வேலூர் வி.ஐ.டி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., இரண்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்போல் இருக்கிறது. எதற்குக் கிராக்கி அதிகம், எதற்குச் செலவு குறைவு?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நம் கடலூர்த் துறைமுகத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், வஞ்சிரத்துக்குக் கிராக்கி ஏறிவிடும். அதனால் மீனில் ருசி கூடிவிடுகிறதா? காலேஜ் சீசனும் அதே மாதங்களில்தான் வருகிறது. ஒரே பிள்ளை வி.ஐ.டி.க்கும் எழுதுகிறாள், எஸ்.ஆர்.எம்.முக்கும் எழுதுகிறாள், ஜே.இ.இ.யும் எழுதுகிறாள். மூன்று இடத்திலும் அவள் தலையை எண்ணி, ‘இத்தனை பேர் மோதுகிறார்கள்’ என்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து வாத்தியார் நன்றாகப் பாடம் நடத்துவார் என்று எப்படி முடிவு செய்வது?

செலவு விஷயத்துக்கு வருகிறேன். வி.ஐ.டி.யில் ஒரே வகுப்புக்கு ஐந்து கட்டணப் பிரிவு. நல்ல ரேங்க் என்றால் முதல் பிரிவு, குறைந்த கட்டணம். ரேங்க் இறங்க இறங்கக் கட்டணம் ஏறும். ஆகவே மகளுக்கு எந்தப் பிரிவு என்று தெரியாமல் எது மலிவு என்று சொல்ல வழியே இல்லை. பிரிவு தெரிந்தபின் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

தனியார் பல்கலைக்கழகம் நமக்குப் புதிதல்ல. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதுதான். 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது. அப்புறமும் மருத்துவ மாணவர்களிடம் தனியார் கட்டணத்தையே வாங்கினார்கள். பிள்ளைகள் 50 நாளுக்கு மேல் போராடித்தான் 2021-ல் அரசுக் கட்டணம் வந்தது. எந்தப் பல்கலைக்கழகமானாலும் பெயர்ப் பலகையை விட்டுவிட்டு ரசீதைப் பாருங்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எழுதுவது அதனால்தான்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான அரசு கவுன்சலிங்கில் பதிந்தீர்களா? வீட்டில் மகள்தான் முதல் பட்டதாரி என்றால் அங்கே கட்டணச் சலுகை உண்டு. இந்த இரண்டு இடத்திலும் அது கிடையாது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விடுதிச் செலவு உட்பட அரசே கட்டும். 200-க்கு அவள் கட் ஆஃப் எவ்வளவு? அதை எழுதி அனுப்புங்கள் அம்மா, உட்கார்ந்து கணக்குப் போடலாம்.