வாசகர் கேள்வி–பதில்: பேடா, லீவரா, வெறும் பட்டன்களா?

வீடியோ கேம் ஆடும் கன்ட்ரோலர்களைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன: விரல் கொடுத்த திசை ஒன்று, திரையில் பதிவான திசை வேறொன்று. ஆகவே திசையைப் பற்றியே கூடுதலாக எழுதியிருக்கிறேன். பேட் என்பது இரு கைகளிலும் பிடித்துக் கட்டைவிரலால் ஆடும் கன்ட்ரோலர்; ஆர்கேட் ஸ்டிக் என்பது லீவரும் பட்டன்களும் பொருத்திய பெட்டி.

கணினியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' என்ற சண்டை விளையாட்டைப் பேடில் ஆடுகிறேன். ஷோர்யூகென் என்னும் மேல்நோக்கிய குத்தை அடிக்கப் பத்து முறை முயன்றால் நான்கு முறை என் ஆள் குதித்துவிடுகிறான். நண்பர்கள் ஆர்கேட் ஸ்டிக் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— திருச்சி வாசகர்

உடனே வாங்க வேண்டாம். ஷோர்யூகெனுக்கு முன், கீழ், முன்கீழ் மூலை என்று மூன்று திசைகளை வரிசையாகக் கொடுத்துக் குத்துப் பட்டனை அழுத்த வேண்டும். அந்த வரிசையில் மேல்திசைக்கு இடமே இல்லை. அப்படியிருந்தும் ஆள் குதிக்கிறான் என்றால், முன்திசையை அழுத்தும்போது மேல்மூலையும் சேர்ந்து பதிவாகிறது என்று பொருள். அது கட்டைவிரலின் தவறா, பேடின் தவறா என்பதை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பயிற்சிப் பகுதியில், அழுத்தும் திசைகளைத் திரையோரத்தில் அம்புக்குறிகளாகக் காட்டும் வசதியை இயக்கிவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் அழுத்திப் பிடித்தபடி கட்டைவிரலை மேலும் கீழுமாக மிக மெல்ல அசையுங்கள். விரல் கொஞ்சம் சாய்ந்ததற்கே மூலை அம்புக்குறி மின்னினால், குற்றம் பேடினுடையது.

கூட்டல்குறி வடிவத் திசைப்பட்டனின் நடுவில், அடியில், சிறு மேடு ஒன்று இருக்கும். பட்டன் அதன்மேல் ஏற்றப்பலகைபோல் சாய்வதால்தான் ஒரு பக்கம் இறங்கும்போது எதிர்ப்பக்கம் எழுகிறது. அந்த மேடு தாழ்வாக அமைந்திருந்தாலோ தேய்ந்துபோயிருந்தாலோ, பட்டன் சாய்வதற்குப் பதிலாக மொத்தமாக அமுங்கி, பக்கத்துத் தொடுபுள்ளியையும் சேர்த்துத் தொட்டுவிடும். நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் 'டாங்கி காங்' கையடக்க விளையாட்டுக்காக வடிவமைத்த அந்தத் திசைப்பட்டன் இன்றைக்கும் அடிப்படையில் அப்படியேதான் இருக்கிறது. அதன் பலவீனமும் அப்படியே இருக்கிறது. பேடைக் கழற்றி, சர்க்யூட் போர்டில் திசைக்குரிய நான்கு கருநிறத் தொடுபுள்ளிகளின் ஓரங்களை மட்டும் மெல்லிய டேப் துண்டுகளால் மூடிவிட்டால், தொடும் பரப்பு குறைந்து, வேண்டுமென்று அழுத்தினால் மட்டுமே மூலை பதிவாகும். டேப் அதிகமானால் மூலையே பதிவாகாமல் போய்விடும் என்பதால், ஒரு துண்டு ஒட்டி ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள்.

பேடில் ஆடினால் மேலே வர முடியாது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2014ஆம் ஆண்டு எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் 'அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' பட்டத்தை வென்ற பிரான்ஸ் வீரர் லஃபி கையில் வைத்திருந்தது முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேட்தான். புதிதாக வாங்கியே தீர வேண்டுமென்றால், முகப்பிலேயே ஆறு பட்டன்கள் உள்ள பேடாகப் பாருங்கள். மூன்று குத்து, மூன்று உதை என்ற ஆறு பட்டன் வகுப்பு 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' மூலம் பரவலானது. அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது சேகா சேட்டர்ன் பேட் என்பது என் உறுதியான கருத்து. அந்த வம்சத்தில் இன்று எளிதாகக் கிடைப்பது 8பிட்டோ நிறுவனத்தின் எம்30.

பழைய ஆர்கேட் ஸ்டிக் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். லீவர் தொளதொளவென்று இருக்கிறது. உள்ளே என்ன மாற்றலாம்? லீவரின் ஓட்டத்துக்கு எல்லை கட்டும் அடித்தட்டான கேட் சதுரமாக இருப்பது நல்லதா, எண்கோணமாக இருப்பது நல்லதா? 'பேக்-மேன்' ஆடவும் இதையே பயன்படுத்த ஆசை.
— கொழும்பு வாசகர்

நீங்கள் இணைத்திருந்த படத்தில் தெரிவது சான்வா ஜே.எல்.எஃப். லீவர் என்பதால் கவலையில்லை. அதன் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கிடைக்கிறது. தளர்வுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங்தான். தண்டின் அடிமுனையில் உள்ள பள்ளத்தில் தட்டைத் திருப்புளியை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள உருண்டையை இடப்பக்கமாகத் திருகினால் அது கழன்றுவிடும். பிறகு அடியில் 'ஈ' எழுத்து வடிவில் ஒரு சிறு கிளிப் தண்டைக் கவ்வியிருக்கும். அதை எடுப்பதற்கு முன் லீவரின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். நான் முதன்முறை அதைக் கழற்றியபோது கிளிப் தெறித்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அது கிடைக்கும்வரை இரண்டு நாள் லீவர் வெறும் உதிரிகளாக மேசைமேல் கிடந்தது. கிளிப் வந்தபின் ஆக்சுவேட்டர் (சுவிட்சுகளைத் தட்டும் உறுப்பு), ஸ்பிரிங் என்று வரிசையாக இறங்கும். அந்த வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சற்று விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டு, தண்டு சுழலும் இடத்தில் பிளாஸ்டிக்குக்கு உகந்த சிலிக்கான் கிரீஸைப் பொட்டளவு தடவினால், லீவர் விட்டதும் நடுவுக்குத் திரும்பும். தேங்காய் எண்ணெயோ தையல் எந்திர எண்ணெயோ வேண்டாம். அவை தூசியை இழுத்து, திசையைப் பதிவுசெய்யும் மைக்ரோசுவிட்சுகளுக்குள் கொண்டுபோய்விடும்.

கேட் விஷயத்தில் பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லீவர் கேட்டின் சுவரைத் தொடுவதற்கு முன்பே மைக்ரோசுவிட்ச் 'டிக்' என்று விழுந்துவிடுகிறது. எனவே சுவரில் தேய்த்துக்கொண்டே சுற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. சதுர கேட்டின் நான்கு மூலைகளும் நான்கு மூலைத்திசைகளாக இருப்பதால், திசையைச் சற்று நேரம் பிடித்து வைத்த பிறகே சிறப்பு அடி கொடுக்க முடிகிற, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கைல் போன்ற பாத்திரத்துக்காகப் பின்கீழ் மூலையில் லீவரைச் சாத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பது அதில் எளிது. எண்கோண கேட்டில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு குழி தட்டுப்படும் என்பதால் புதியவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் மூலைத்திசைகளுக்கான ஓட்டம் குறைந்துவிடும். ஒரு மாதமாவது சதுரத்திலேயே ஆடிப் பாருங்கள் என்பேன். 'டெக்கன்' ஆட்டக்காரர்கள் பலர் விரும்பும் கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் இருக்கும், கேட் வட்டமாக இருக்கும். லீவர் மின்னல்போல் நடுவுக்கு வரும். பின்னோக்கி விடாமல் தாவித் தாவி நகர வேண்டிய அந்த ஆட்டத்துக்கு அது பொருந்துகிறது.

1980இல் வந்த 'பேக்-மேன்' நான்கு திசைக்கென்று செய்யப்பட்ட ஆட்டம். எட்டுத் திசை லீவரில் ஆடினால், திருப்பத்தில் மூலைத்திசை குறுக்கிட்டு, பேக்-மேன் தாமதமாகத் திரும்பிப் பேயிடம் மாட்டிக்கொள்ளும். நல்லவேளையாக, உங்கள் லீவரின் சதுர கேட்டின் உள்தட்டைக் கழற்றி 45 பாகை திருப்பிப் பொருத்தினாலே மூலைகள் அடைபட்டு அது நான்கு திசை லீவராகிவிடும்.

பட்டன்களைப் பற்றிச் சுருக்கமாக: துளை 30 மில்லிமீட்டர் என்றால் சான்வாவின் ஓ.பி.எஸ்.எஃப்.-30 அப்படியே உட்காரும். மேல்பலகை தடித்த மரமாக இருந்தால் கவ்விப் பிடிக்கும் வகை நிற்காது. மரை போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள்.

லீவரே இல்லாமல், எல்லாத் திசைக்கும் பட்டன் வைத்த கன்ட்ரோலரை வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன். அது கஷ்டமா? போட்டிகளில் அனுமதிப்பார்களா?
— கோவை வாசகர்

ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவருக்கு இரண்டு மாலைநேர வேலை. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு போர்டில் ஜி.பி.2040-சி.இ. என்னும் திறந்த மூல மென்பொருளை ஏற்றினால் போதும். ஒவ்வொரு பட்டனிலும் ஒரு வயர் போர்டின் ஒரு காலுக்கும், மற்றொரு வயர் எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவாகக் கிரவுண்டுக்கும் போகும். பட்டனுக்கு நேர்மறை, எதிர்மறை என்ற பேதம் கிடையாது. பெரும்பாலான சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களாக, ஓடுவதால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி கிடைக்கிறது; ஆகவே யூ.எஸ்.பி. வழியாக நொடிக்கு 1000 முறை செய்தி அனுப்பும் இந்தப் போர்டில் தாமதத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. லீவரை ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ள முடியாது. பட்டன்களில் இரண்டையும் சேர்த்து அழுத்த முடியும். அப்போது எந்தத் திசை செல்லும் என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. கடைசியாக அழுத்தியதே செல்லும் என்று வைத்தால் லீவர்காரரால் செய்ய இயலாத அசைவுகள் கைகூடும். அது நியாயமில்லை என்பதால் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'க்காக அதன் தயாரிப்பு நிறுவனமான காப்காம் நடத்தும் போட்டித் தொடர், எதிரெதிர்த் திசைகள் சேர்ந்தால் இரண்டுமே செல்லக் கூடாது என்கிறது. முதல் நாளே அப்படி அமைத்துப் பழகுங்கள். விரல் ஒரு பழக்கத்தில் ஊறியபின் மாற்றுவது பெரும்பாடு. பிளேஸ்டேஷனில் ஆடுவதானால், அது கன்ட்ரோலரின் அடையாளத்தைச் சரிபார்க்கும். அதற்கு வழி செய்யாத போர்டு சில நிமிடங்களில் துண்டிக்கப்பட்டுவிடும். கணினியில் இந்தத் தொல்லை இல்லை.

சிறுவயதில் டி.வி.யில் செருகி கேசட் போட்டு ஆடிய வீடியோ கேம் இன்னும் ஓடுகிறது. பேடில் ஏ பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. வயர் போய்விட்டதா?
— நாகர்கோவில் வாசகர்

வயர் போயிருக்காது. நிண்டெண்டோவின் 8 பிட் கருவியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட அந்தப் பேடுகளில் எட்டுப் பட்டன்களின் நிலையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி ஒரே வயரில் செல்கிறது. வரிசையில் முதலாவதாகப் போவதே ஏ பட்டன்தான். அந்த வயர் அறுந்தால் எட்டும் சேர்ந்து போகுமே தவிர, ஒன்று மட்டும் தனியாகப் போகாது. ஆகவே கோளாறு அந்தப் பட்டனுக்கு அடியில்தான் இருக்கிறது.

பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். ஏ பட்டனுக்கு நேரே உள்ள கருநிறக் கார்பன் வில்லை பளபளப்பாகவோ எண்ணெய்ப் பிசுக்கோடோ இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் வில்லையையும் போர்டின் தொடுபுள்ளியையும் மெதுவாகத் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சமுள்ள கார்பனும் போய்விடும். துடைத்தும் பயனில்லை என்றால், வீட்டில் கெட்டுப்போன டி.வி. ரிமோட் ஒன்று கிடக்கும். அதன் ரப்பரின் அடியிலும் இதே வில்லைதான். அதிகம் அழுத்தப்படாத ஒரு பட்டனிலிருந்து வில்லையை மெல்லிதாகச் சீவியெடுத்து, பேடின் பழைய வில்லையின்மேல் துளிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் உலரவிட்டு மூடுங்கள்.